புதுக் காமிராவுக்கு எந்த லென்ஸ்? சிக்கனமாக ஒரு கணக்கு

ஒரு சுங்குடிப் புடவை வாங்குவதற்குள் நாம் முந்தானையைப் பிரித்துப் பார்க்கிறோம், கரையைத் தடவிப் பார்க்கிறோம், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிறத்தைப் பார்க்கிறோம். நாலு கேள்வி கேட்ட பிறகுதான் பில் போடச் சொல்கிறோம். ஆனால் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள காமிரா லென்ஸ் என்று வந்துவிட்டால், "அதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம்" என்று ஒதுங்கி நின்றுவிடுகிறோம். பிறகு வீட்டுக்கு வந்து சேருவது என்ன? யாரோ ஒரு நண்பர் சொன்னது, இல்லாவிட்டால் கடையில் விற்காமல் கிடந்தது!

காமிரா இன்று கல்யாண ஸ்டுடியோக்காரர்களின் தனிச் சொத்து அல்ல. குழந்தை பிறந்ததும் வாங்குகிறோம். மாடித் தோட்டத்துப் பூவைப் பிடிக்க வாங்குகிறோம். வீட்டிலிருந்தபடியே நகை, கைவேலை, கேக் செய்து விற்கும் பெண்கள் வியாபாரத்துக்காகவே வாங்குகிறார்கள். வாங்கிய மறுமாதமே, "இந்த லென்ஸ் போதாது, இன்னொன்று வேணும்" என்ற பேச்சு கிளம்பும். அங்கேதான் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

என் நாத்தனார் பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்களேன். பட்டு நூல் வளையலும் ஜிமிக்கியும் செய்து விற்கிறாள். பதினோரு மாதப் பெண் குழந்தை வேறு. தவணையில் ஒரு காமிரா வாங்கினாள். ஒரு நாள் போன் செய்தாள்.

"அத்தை, படத்துல தங்கக் கலரா இருந்துச்சு, கைக்கு வந்தது வேற கலர்னு ரெண்டு பேர் வளையலைத் திருப்பி அனுப்பிட்டாங்க. பாப்பாவை எடுத்தாலும் கலங்கலாத்தான் வருது. கடையில கேட்டா மாக்ரோ லென்ஸ் ஒண்ணு, பெரிய ஜூம் ஒண்ணு வாங்கணுங்கறாங்க. முப்பதாயிரத்துக்கு மேல ஆகுமாம். இவர் தீபாவளி போனஸை எடுத்துத் தரேங்கறார்."

"அந்தப் பணம் பாப்பா பேருல செல்வமகள் கணக்குல போடறதுக்கு வச்சதாச்சே?"

"அதான் அத்தை, மனசு ஒப்பலை."

"அப்ப பொறு கண்ணு. முதல்ல கையில இருக்கிறதை வச்சு என்ன முடியும்னு பார்ப்போம்" என்றேன்.

அவளுக்குச் சொன்னவற்றைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

கூட வந்த லென்ஸை ஏளனம் செய்யாதீர்கள்

காமிராவோடு சேர்ந்து வரும் லென்ஸைக் 'கிட் லென்ஸ்' என்பார்கள். பெரும்பாலும் 18-55 மி.மீ. என்று எழுதியிருக்கும். "அது சும்மா கொடுக்கிற சாமான்" என்று பலர் மூக்கைச் சுளிப்பார்கள். அப்படியில்லை. கானனின் 18-55 எஸ்.டி.எம்., நிக்கானின் 18-55 ஏ.எஃப்-பி இரண்டும் 25 செ.மீ. தூரம் வரை கிட்டே போய் ஃபோகஸ் செய்யும். ஏறக்குறைய 6 செ.மீ. அகலமுள்ள இடமே படம் முழுவதையும் நிரப்பிவிடும். அதாவது ஒரு ஜோடி ஜிமிக்கியை வைத்தால் வேறு எதற்கும் இடமில்லை!

ஆகவே ஒரு வாரம் கிட் லென்ஸிலேயே எடுங்கள். பிறகு எடுத்த படங்களின் விவரத்தைக் காமிராத் திரையிலோ கம்ப்யூட்டரிலோ பாருங்கள். எத்தனை மி.மீ.யில் எடுத்தது என்று ஒவ்வொரு படத்திலும் பதிவாகியிருக்கும். முக்கால்வாசிப் படம் 18-லேயே இருந்தால் உங்களுக்கு அகல லென்ஸ்தான் தேவை. 50-ஐ ஒட்டியே இருந்தால் 50 போதும். கடைக்காரரைவிட உங்கள் படங்களே உங்களுக்கு நல்ல யோசனை சொல்லும்.

லென்ஸ் மேலிருக்கும் எண்கள்

லென்ஸின் விளிம்பில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மி.மீ., இன்னொன்று எஃப் எண்.

மி.மீ. எண் சின்னதானால் அகலமாகத் தெரியும். பெரிதானால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நாம் வாங்கும் ஆரம்ப விலைக் காமிராக்களில் பெரும்பாலானவற்றில் ஏ.பி.எஸ்-சி என்ற சிறிய சென்சார்தான் இருக்கிறது. பழைய ஃபிலிம் அளவோடு ஒப்பிட்டால், கானனில் 50 மி.மீ. லென்ஸ் 80 போலவும், நிக்கானில் 75 போலவும் நடந்துகொள்ளும். நடைமுறைக் கணக்கு சொல்கிறேன். அப்படிப்பட்ட கானன் காமிராவில் 50 மி.மீ. லென்ஸைப் போட்டுப் பத்தடி தள்ளி நின்றால், குறுக்குவாட்டில் சுமார் நாலரை அடிதான் படத்தில் விழும். குழந்தை ஒன்றுக்கு அது தாராளம். தாத்தா பாட்டியோடு ஹாலில் எல்லோரையும் நிறுத்தி எடுக்க வேண்டுமென்றால், நீங்கள் பின்னால் போய்ப் போய்ச் சமையலறைக்குள் நிற்க வேண்டியதுதான்!

எஃப் எண் என்பது லென்ஸின் ஜன்னல். எண் குறையக் குறைய ஜன்னல் பெரிதாகும். மி.மீ.யை எஃப் எண்ணால் வகுத்தால் ஜன்னலின் குறுக்களவு கிடைக்கும். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் சுமார் 28 மி.மீ. 5.6-ஆல் வகுத்தால் சுமார் 9 மி.மீ. பரப்பளவில் பார்த்தால், எஃப் 1.8 லென்ஸ் கிட் லென்ஸின் எஃப் 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது.

இந்தப் பத்து மடங்குதான் தாய்மார்களுக்கு முக்கியம். மாலையில் டியூப் லைட் வெளிச்சத்தில் கிட் லென்ஸ் வெளிச்சம் போதாமல் நீண்ட நேரம் கண் திறந்து வைத்திருக்கும். அதற்குள் குழந்தை தலையைத் திருப்பிவிடும். படம் கலங்கிவிடும். லென்ஸில் இருக்கும் ஆட்டம் தடுக்கும் வசதி நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், குழந்தையின் துள்ளலைத் தாங்காது. எஃப் 1.8 லென்ஸ் அதே வெளிச்சத்தில் சட்டென்று கண் சிமிட்டிவிடும். ஃபிளாஷை முகத்தில் அடித்துக் குழந்தையைச் சிணுங்க வைக்கவும் வேண்டாம்.

பொது உபயோகத்துக்கு எது?

ஜூம் ஆகாத, ஒரே அளவுள்ள லென்ஸ்கள்தான் குறைந்த விலையில் நிறைந்த பலன் தருபவை. சில நல்ல பெயர்களைச் சொல்கிறேன்.

கானன் ஈ.எஃப். 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். 2015-இல் வந்தது. எடை 160 கிராம்தான். ஒரு குழந்தை முகம், இரண்டு பேர் சேர்ந்த படம், இவற்றுக்குக் கச்சிதம்.

கானனிலேயே ஈ.எஃப்-எஸ் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்.டி.எம். 2014-இல் வந்தது. அப்பளம் போலத் தட்டையாக இருக்கும். சிறிய அறைக்கு ஏற்றது. பத்தடி தள்ளி நின்றால் ஒன்பதடி அகலம் விழும்.

நிக்கான்காரர்களுக்கு 35 மி.மீ. எஃப் 1.8 ஜி, டி.எக்ஸ் வகை. 2009-இல் வந்தது. அதே பத்தடியில் ஆறரை அடிக்கு மேல் விழும். வீட்டுக்குள் புழங்க இதைவிடத் தோதானது கிடைப்பது அரிது.

கண்ணாடி இல்லாத புதுவகைக் காமிராக்களான மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு, கானனில் ஆர்.எஃப் 50 மி.மீ. எஃப் 1.8 (2020), நிக்கானில் இசட் 40 மி.மீ. எஃப் 2 (2021) உண்டு.

35-ஆ, 50-ஆ என்று சந்தேகமா? செலவில்லாத பரீட்சை ஒன்று இருக்கிறது. கிட் லென்ஸை 35-இல் நிறுத்தி, வளையம் நகராமல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே எடுங்கள். மறுநாள் 50-இல் ஒட்டுங்கள். எந்த நாள் "இடம் பத்தலையே" என்று அலுத்துக்கொள்ளாமல் கழிந்ததோ, அந்த எண்தான் உங்கள் வீட்டுக்கு உகந்தது.

மாக்ரோ என்றால் என்ன?

சின்னப் பொருளைப் பெரிதாகக் காட்டுவதுதான் மாக்ரோ. அசல் மாக்ரோ லென்ஸில் 1:1 என்று போட்டிருக்கும். பொருள் எவ்வளவு அகலமோ, சென்சார் மேல் விழும் பிம்பமும் அவ்வளவே அகலம் என்று பொருள். ஏ.பி.எஸ்-சி சென்சாரின் அகலம் 22 முதல் 24 மி.மீ.க்குள். ஆகவே ஒரு ரூபாய் நாணயம் படத்தின் அகலத்தை ஏறத்தாழ நிரப்பிவிடும், மேலும் கீழும் கொஞ்சம் வெட்டுப்படக்கூடச் செய்யும்.

ஜாக்கிரதை! சில ஜூம் லென்ஸ்களில் 'மாக்ரோ' என்று பெரிதாக எழுதியிருக்கும். கூடவே 1:4 என்று சின்னதாக இருக்கும். அது கால்வாசி அளவுதான். எழுத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

நிக்கான் கம்பெனி மட்டும் இதை 'மைக்ரோ' என்று அழைக்கிறது. அதற்கொரு கதை உண்டு. அவர்களுடைய முதல் மைக்ரோ லென்ஸ் 1956-இல் வந்தது. ஜப்பானிய எழுத்துகளில் கோடுகள் நெருக்கமாக இருக்கும். மைக்ரோஃபிலிமில் பத்திரங்களைச் சிறிதாக்கிப் பதியும்போது அவை ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளாமல் தெளிவாக விழ வேண்டுமென்றுதான் அந்த லென்ஸை உருவாக்கினார்கள்.

மாக்ரோவில் மி.மீ. எண் கூடினால் விலையும் கூடும். ஏன் கூட்ட வேண்டும்? தூரத்துக்காகத்தான். நிக்கானின் 40 மி.மீ. மைக்ரோ (2011) முழு அளவில் எடுக்க, சென்சாரிலிருந்து 16 செ.மீ. வரை கிட்டே போக வேண்டும். லென்ஸின் நீளத்தைக் கழித்தால் பொருளுக்கும் லென்ஸுக்கும் நடுவே சில செ.மீ.தான் மிஞ்சும். லென்ஸின் நிழலே பொருள் மேல் விழும். டாம்ரான் 90 மி.மீ.யின் 2004-ஆம் வருட மாடலில் அதுவே 29 செ.மீ. பட்டாம்பூச்சி, தேனீ எடுப்பவர்களுக்கு அந்தத் தூரம் அவசியம், இல்லாவிட்டால் பறந்துவிடும். ஜிமிக்கி பறக்காது அம்மா! அதற்கு 35, 40, 60 போதும்.

கானன் ஈ.எஃப்-எஸ் 35 மி.மீ. மாக்ரோ (2017) ஒன்று உண்டு. லென்ஸின் முகப்பிலேயே சிறு விளக்கு இருப்பதால் நிழல் தொல்லை குறைவு. இந்த 35-ம், நிக்கானின் 40-ம் குழந்தையையும் எடுக்கும், கம்மலையும் எடுக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எஃப் 2.8 என்பதால் வெளிச்சம் மட்டும் 1.8-ஐவிடக் குறைவு. மிரர்லெஸ் கானனுக்கு ஆர்.எஃப் 35 மி.மீ. எஃப் 1.8 மாக்ரோ (2018) இருக்கிறது. அது அரை அளவு வரைதான் போகும், ஆனால் வெளிச்சம் தாராளம்.

சில்லறைச் செலவில் மாக்ரோ

தினமும் எடுக்கப் போவதில்லை என்றால் தனி லென்ஸ் வாங்குவானேன்? மூன்று குறுக்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, குளோஸ்-அப் ஃபில்டர். நமக்கு வெள்ளெழுத்து வந்தால் போடுகிறோமே, அதே தத்துவம். லென்ஸின் முன்னால் திருகும் கண்ணாடி. கூட்டல் 2, கூட்டல் 4 என்று பவர் இருக்கும். கூட்டல் 4 போட்டால், தூரத்தைப் பார்க்க வைத்திருக்கும் லென்ஸ் 25 செ.மீ.யில் உள்ளதைத் தெளிவாகக் காட்டும். மலிவானது. ஓரங்களில் கொஞ்சம் மங்கலும் நிறப் பிசிறும் தெரியும், நடுவில் நன்றாக இருக்கும். வாங்கும்போது லென்ஸின் முகப்பு அளவைப் பார்த்து வாங்க வேண்டும். மேலே சொன்ன கானன் 50-க்கு 49 மி.மீ., நிக்கான் 35-க்கு 52 மி.மீ.

இரண்டாவது, எக்ஸ்டென்ஷன் டியூப். காமிராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் போடும் வெறும் வளையம். உள்ளே கண்ணாடியே கிடையாது, ஆகவே தெளிவு கெடாது. கணக்கு சுலபம்: வளையத்தின் தடிமனை லென்ஸின் மி.மீ.யால் வகுங்கள். 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. வளையம் போட்டால் பாதி அளவு கூடும். 36 மி.மீ. போட்டால் முக்கால் அளவுக்குக் கிட்டே கூடும். லென்ஸின் சொந்த அளவோடு சேர்ந்து அசல் மாக்ரோவையே எட்டிப் பிடிக்கும்! மின்தொடர்பு உள்ள வளையமாகக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத மலிவு வளையத்தில் ஆட்டோஃபோகஸும் இராது, எஃப் எண்ணையும் மாற்ற முடியாது. வளையம் போட்டிருக்கும்போது தூரத்துப் பொருள் தெரியாது என்பதையும், வெளிச்சம் குறையும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, லென்ஸைத் திருப்பி மாட்டும் வளையம். மிக மலிவு, ஆனால் எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டும். லென்ஸின் பின்புறம் வெளியே திறந்து நிற்கும். குழந்தை ஓடும் வீட்டுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

லென்ஸ் தீர்க்காத குறை

என் நாத்தனார் பெண்ணின் வளையல் நிறம் மாறியதற்கு லென்ஸ் காரணமே இல்லை. ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், தலைக்கு மேலே டியூப் லைட், பக்கத்தில் மஞ்சள் பல்பு! மூன்று நிறம் கலந்தால் எந்தக் காமிராவும் குழம்பும். எத்தனை ஆயிரம் கொட்டினாலும் அது தீராது. நேர்வெயில் படாத ஜன்னலோரம், எல்லா விளக்குகளும் அணைத்து, கீழே வெள்ளைச் சார்ட் பேப்பர், எதிர்ப்பக்கம் நிழலைக் குறைக்க இன்னொரு வெள்ளை அட்டை. காமிராவில் 'ஒயிட் பாலன்ஸ்' என்பதை அந்த வெள்ளைத் தாளைக் காட்டிச் சரி செய்துகொள்ள வேண்டும். மொத்தச் செலவு, சார்ட் பேப்பர் விலை.

இன்னொன்று. மிக அருகில் எடுக்கும்போது தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவு. 1:1 அளவில் எஃப் 8 வைத்தால்கூட ஒரு மில்லிமீட்டர் இராது. ஆகவே பொருளைக் காமிராவுக்கு இணையாக வையுங்கள். எஃப் 8 அல்லது 11 வைத்து, காமிராவை அசையாமல் நிறுத்துங்கள். டிரைபாட் இல்லையா? ஒரு கிலோ துவரம்பருப்பைத் துணிப்பையில் கட்டி அதன்மேல் உட்கார வையுங்கள். இரண்டு விநாடி டைமரைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். படம் கல்லில் செதுக்கினாற்போல வரும்.

பழைய லென்ஸ் வாங்குவதானால்

நன்றாகப் பராமரித்த பழைய லென்ஸ் வாங்குவதில் தப்பில்லை. இவற்றைப் பார்த்து வாங்குங்கள்:

மாட்டும் வாய் பொருந்துகிறதா? கானனின் ஈ.எஃப் வாய் 1987-இல் வந்தது, ஆர்.எஃப் 2018-இல். நிக்கானின் எஃப் வாய் 1959-இல் வந்தது, இசட் 2018-இல். பழைய லென்ஸைப் புது வாயில் மாட்ட அடாப்டர் வேண்டும், அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

மோட்டார் லென்ஸுக்குள் இருக்கிறதா? நிக்கானின் 3000, 5000 வரிசைக் காமிராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏ.எஃப்-எஸ் அல்லது ஏ.எஃப்-பி என்று போட்ட லென்ஸ்தான் தானாக ஃபோகஸ் ஆகும்.

பூசணம் இருக்கிறதா? ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல் போல மெல்லிய கோடுகள் தெரிந்தால் வேண்டாம். விலை பாதியானாலும் வேண்டாம்.

வாங்கியதைக் காப்பாற்றுவது

மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் லென்ஸுக்கு முதல் எதிரி ஈரம். தோல் உறையில் போட்டுப் பீரோவுக்குள் பூட்டி வைத்தால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். முடிந்தால் சிறிய ஈரமானி ஒன்றும் உள்ளே வைத்து, 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். வாரம் ஒருமுறை எடுத்துப் புழங்குவது இன்னும் நல்லது.

முந்தானையால் லென்ஸைத் துடைக்காதீர்கள். நூலில் ஒட்டிய மண் துகள் கீறிவிடும். ரப்பர் ஊதியால் தூசியை ஊதிவிட்டு, பிறகு லென்ஸ் துணியால் மெல்லத் துடைக்கவும்.

குழந்தை உள்ள வீட்டில் இன்னொரு எச்சரிக்கை. சிலிகா ஜெல் பொட்டலம் குழந்தை கைக்கு எட்டக் கூடாது. காமிரா ரிமோட்டில் இருக்கும் பொத்தான் பாட்டரி அதைவிட ஆபத்து. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எந்த வரிசையில் வாங்கலாம்?

முதலில் ஜன்னலும் வெள்ளைத் தாளும். ஒரு வாரம் கிட் லென்ஸ். குறை தெரிந்த பிறகு, குழந்தைக்காகவென்றால் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று. சின்னப் பொருளுக்காகவென்றால் அதற்கே ஒரு எக்ஸ்டென்ஷன் டியூப். வியாபாரம் வளர்ந்து, நாளுக்குப் பத்துப் பொருள் எடுக்கும் நிலை வந்தால், அந்த வியாபாரத்து லாபத்திலேயே அசல் மாக்ரோ. இரண்டும் ஒன்றாகவே வேண்டும், கையில் காசும் இருக்கிறது என்பவர்கள் நேரே 35 அல்லது 40 மி.மீ. மாக்ரோவுக்குப் போகலாம்.

நாத்தனார் பெண் 50 மி.மீ. லென்ஸும் டியூப் ஒன்றும் வாங்கிக்கொண்டாள். இப்போது வளையல் திரும்பி வருவதில்லை. போனஸில் மிச்சமிருந்த பெரும்பகுதி செல்வமகள் கணக்குக்கே போய்ச் சேர்ந்தது. குழந்தை நின்று நடக்கப் பழகிய முதல் வாரத்துப் படங்களை அனுப்பியிருந்தாள். மாலை வெளிச்சம்தான், ஃபிளாஷ் இல்லை. கண்ணிமை மயிர்கூடத் தெரிகிறது.

அடுத்த முறை காமிராக் கடைக்குப் போகும்போது ஓரமாக நாற்காலியில் உட்காராதீர்கள் சகோதரிகளே. முன்னால் போய் நின்று, "இது எத்தனை எஃப்? எவ்வளவு கிட்டே போகும்? என் காமிராவில் மோட்டார் வேலை செய்யுமா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். புடவைக் கடையில் கேட்பது போலத்தான்!